ஜே ஏ-யில் தொடங்கும் ஐம்பது சீட்டு

அவர் ராத்திரி புரண்டு புரண்டு படுக்குறது இவளுக்கு எப்படித் தெரியும்? ரெண்டு மணிக்குக் கட்டைப் பிரிச்சேன், இப்போ ரெண்டே கால், பத்து நிமிஷமா இந்த ஒரு சீட்டைத்தான் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். கட்டுல மொத்தம் ஐம்பது சீட்டு. எல்லாம் ஜே ஏ-னு ஆரம்பிக்குற இங்கிலீஷ் வார்த்தை, அதுவும் இங்கிலீஷ்காரனே மறந்துபோன வார்த்தை. சீட்டுல மேல நீல மையில அர்த்தம், அதை எழுதினது என் வீட்டுக்காரர் ஆசீர். கீழ பச்சை மையில அந்த வார்த்தைக்குப் பொருத்தமா ஒரு தமிழ் வாக்கியம், அதை எழுதினது சுகிர்தா. ரெண்டும் பொருந்துதா இல்லையான்னு சிவப்புப் பென்சிலை வச்சுக்கிட்டுப் பார்க்குறது நான். புருஷன் எழுதினதுல தப்புக் கண்டுபிடிக்கப் பொண்டாட்டியைவிட ஆள் உண்டான்னு சொல்லிச் சிரிச்சுத்தான் எங்க அகராதி ஆபீஸ் தலைவர் குணசிங் சார் என்னை இந்த வேலையில வச்சார். பாளையங்கோட்டையில எத்தனையோ ஆபீஸ் இருக்கு, இப்படி ஒரு ஆபீஸ் இருக்காது. பழைய பங்களா, மூணு அறை, நடுவுல பலகைத் தடுப்பு, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவங்க ரெண்டு பேரும். ரெண்டு பேரும்னு சொல்லும்போதே எனக்குப் பத்திக்கிட்டு வருது. சீட்டுல என்ன எழுதியிருக்கு? ஜாக்டிடேஷன். நீல மை சொல்லுது: ஒன்று, மணமாகாத ஒருவர் இன்னாரைத் தாம் மணந்திருப்பதாகப் பொய்யாகச் சொல்லிக்கொள்வது, இரண்டு, நோயாளி படுக்கையில் நிலைகொள்ளாமல் புரள்வது. பச்சை மை சொல்லுது: விடிய விடிய அவர் புரண்டுகொண்டே கிடந்தார், நான் விளக்கைக்கூட அணைக்கவில்லை. நான். நானாம். யாரு இந்த நான்? முப்பத்தொரு வயசு, கல்யாணம் ஆகலை, காதுல சின்னதா ஒரு வளையம், நடந்தா செருப்புச் சத்தம்கூடக் கேட்காது. அந்த நான்.

கோட்டி பிடிச்ச மாதிரி நினைக்காதே மேபல், இது எடுத்துக்காட்டு வாக்கியம், அகராதியில அவர்னா யாரோ ஒரு அவர், நான்னா யாரோ ஒரு நான். எனக்குத் தெரியாதா? இருபது வருஷமா இதே தொழில்தானே. ஆனா ஐப்பசி மழையில இவருக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் கிடந்தாரே, அந்த வாரம் முழுக்கப் புரண்டாரே, அது வாஸ்தவம்தானே. பார்க்க வந்தவங்க எல்லார்கிட்டயும், நான் ஒத்தையில கிடந்து உருண்டேன், இவ நாற்காலியில உட்கார்ந்து குறட்டை விட்டுட்டான்னு சொல்லிச் சிரிச்சாரே, அதுவும் வாஸ்தவம். காலையில கண்ணு முழிச்சவருக்கு என் தலை சாஞ்சிருந்தது மட்டும்தான் தெரிஞ்சுது. அதுக்கு முன்னால நடந்தது அவருக்கு எங்க தெரியும், நூத்திமூணு டிகிரி. சரி, அந்தக் கதையை இவள்கிட்டயும் சொல்லியிருப்பாரு. பலகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, ராத்திரியெல்லாம் உருண்டேன் சுகிர்தா, கவனிக்க ஆளில்லை சுகிர்தான்னு. இவளும் மூஞ்சியை அப்படித் தூக்கி வச்சுக்கிட்டு, நான் இருந்திருந்தா விளக்கைக்கூட அணைச்சிருக்க மாட்டேன் சார்னு. அப்படித்தானே இந்த வாக்கியம் வந்திருக்கும்? வேற எப்படி வரும்? ஆபீஸ்ல பேசக் கூடாதுன்னு ரூல் இருக்கு. சீட்டைப் பத்தி ஆளுக்கு ஆள் பேசினா ஒருத்தர் தப்பு இன்னொருத்தருக்கு ஒட்டிக்கும், எல்லாத்தையும் சீட்டே பேசட்டும்னு குணசிங் சார் முதல் நாளே சொல்லிடுவார். வாயால பேச முடியாதவங்களுக்கு இந்தச் சீட்டு வசதியாப் போச்சு. அவர் மேல எழுதுறார், இவ கீழ எழுதுறா. ஒரே சீட்டு, மேலயும் கீழயும். எனக்குக் கல்யாணத்துக்கு முன்னால இவர் எழுதின கடுதாசிகூட இவ்வளவு நெருக்கமா இருந்ததில்லை.

சிவப்புப் பென்சிலை எடுத்து ஒரு கோடு. பொருந்தவில்லை. மே.ஆ. முடிஞ்சது. இது மூணாவது. ஒரு கட்டுல ஆறு வாக்கியம் வரைக்கும் அடிபடலாம், திருத்திக்கலாம். ஏழாவது அடிபட்டா மொத்தக் கட்டும் தள்ளுபடி. மூணு கட்டு தள்ளுபடி ஆச்சுன்னா எழுதின ஆளை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. சுகிர்தாவுக்கு ஏற்கெனவே ரெண்டு போச்சு. தள்ளினது நான்தான், ஆனா கர்த்தர் மேல ஆணையா அந்த ரெண்டுலயும் நியாயம் இருந்துச்சு, மன்னன் வேலை வீசினான், மங்கை மலரைக் கொய்தாள்னு எழுதி வச்சிருந்தா. இந்தக் காலத்துல எந்த மங்கை எந்த மலரைக் கொய்யுறா? குணசிங் சார் கூப்பிட்டு, புஸ்தகத்தை மூடிட்டு ஊர்ல பேசுறதைக் காது கொடுத்துக் கேளு, கேட்டதை எழுது, இதான் கடைசி வாய்ப்புன்னு சொன்னது எங்க அறை வரைக்கும் கேட்டுது. அப்புறம் வந்த கட்டு இது. சாயந்தரம் நாலரைக்குள்ள நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். ஏழு சிவப்புக் கோடு விழுந்தா நாளையிலிருந்து பலகைக்கு அந்தப் பக்கம் அவர் மட்டும்தான். அவளுக்கு ஒரு அம்மா இருக்கா, முட்டி தேஞ்சு நடக்க முடியாதவ, தியாகராஜ நகர்ல வாடகை வீடு. எனக்குத் தெரியாம இல்லை. அதுக்கு நான் என்ன செய்ய? எனக்கும் முட்டி வலிக்கத்தான் செய்யுது.

இதுக்கு முன்னால அடிச்ச ரெண்டு என்ன? ஜேசென்ட். கிடந்த நிலையில் உள்ள. பச்சை மை: சோபாவில் கிடந்தபடியே பேப்பர் படிப்பார், தலைமாட்டில் வைத்த காபி ஆறிப்போனால் என் மேல் கோபம் வரும். எங்க வீட்டு சோபா! எங்க வீட்டுக் காபி! அந்த சோபாவுக்கு உறை தச்சது நான், இவ என்னமோ பக்கத்துல நின்னு காபி கொடுத்த மாதிரி எழுதுறா. வீட்டுல நடக்குறது ஒண்ணு விடாம இவர் அங்க போய் ஒப்பிக்கிறார். அடுத்தது ஜாக்டன்ஸ். தற்பெருமை பேசுதல். பச்சை மை: கல்லூரியில் ஒரே ஒரு வெள்ளிப் பதக்கம் வாங்கினார், இருபத்துமூன்று வருடமாக அதை வாங்கிக்கொண்டே இருக்கிறார். படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, அதான் கூடுதல் எரிச்சல். என் புருஷனை நக்கல் பண்ண இவ யாரு? நக்கல் சும்மா வராது. ஒருத்தரோட நல்லாப் பழகி, அவர் சொன்னதையே சொல்றதை நூறு தடவை கேட்டு அலுத்துப்போனாத்தான் இந்த மாதிரி நக்கல் வரும், அதுக்கு எனக்கு இருபத்துமூணு வருஷம் ஆச்சு, இவளுக்கு மூணு மாசம் போதுமா? நேத்து மூணரை மணிக்கு அந்தப் பக்கத்துல இவர் சிரிச்சார். நான் காதால கேட்டேன். சின்னச் சிரிப்பு இல்லை, நாற்காலி கிறீச்சுன்னு ஆடுற அளவுக்குச் சிரிப்பு. இவளோட பச்சை வாக்கியத்துக்கெல்லாம் ஒரு நகல் அவருக்குப் போகும், அர்த்தத்தோட ஒத்துப்போகுதான்னு பார்க்க. அதைப் படிச்சுத்தான் சிரிச்சிருக்கணும். வீட்டுல இந்த மனுஷன் சிரிச்சு நான் பார்த்து எத்தனை நாளாச்சு, பையன் பெங்களூருக்குப் போனப்புறம் வீட்டுல வாயைத் திறக்குறதே உப்பு கேட்கத்தான்.

மின்விசிறி சத்தம் போடுது, எண்ணெய் விடணும்னு யாருக்கும் தோணலை. வெயில் சன்னல் வழியா வந்து என் கை மேல விழுது, சீட்டெல்லாம் லேசா மஞ்சளாத் தெரியுது, அந்தப் பக்கத்துல யாரோ எழுந்திருக்காங்க, நாற்காலி நகருது, யாரு, அவளா அவரா, தண்ணி குடிக்கப் போறாங்களா, ரெண்டு நாற்காலி நகர்ந்துச்சா ஒண்ணா? ஒண்ணுதான். ஒண்ணுதானே? பலகையில கண்ணு வைக்குற அளவுக்கு ஒரு இடுக்கு இருக்கு. நான் வச்சதில்லை. ஒரே ஒரு தடவை வச்சேன், போன வாரம், அதுவும் அவர் மாத்திரை சாப்பிட்டாரான்னு பார்க்கத்தான். அவர் குனிஞ்சு எழுதிக்கிட்டிருந்தார், அவ குனிஞ்சு எழுதிக்கிட்டிருந்தா. ரெண்டு பேருக்கும் நடுவுல ஆறு அடி இருக்கும். ஒண்ணுமே இல்லை. ஒண்ணுமே இல்லாததுதான் எனக்குத் தாங்கலை, ஏதாவது இருந்தா மூஞ்சிக்கு நேரா ரெண்டு கேட்டுட்டு நிம்மதியா இருந்திருப்பேன்.

அடுத்த சீட்டை எடுத்தா, அட சவமே, ஜலூசி. சாய்வுப் பலகைகள் கொண்ட சன்னல் மறைப்பு, உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது. அதோட விட்டாரா மனுஷன்? பக்கத்துல குறிப்பு வேற: பிரெஞ்சில் இதே சொல் பொறாமையையும் குறிக்கும். எனக்கு முகமெல்லாம் சூடாயிடுச்சு. பொறாமைக்கும் சன்னலுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கிற ஆளு நான் இல்லை. நல்லாவே சம்பந்தம். இவர் இதை எழுதும்போது அந்த இடுக்கை நினைச்சாரா? என் கண்ணைப் பார்த்துட்டாரா? அதை விடு, பச்சை மை என்ன சொல்லுது: சன்னல் பலகையை அரை விரல் திறந்து, அவர் யாரோடு வருகிறார் என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். அடிப்பாவி. இவ எந்த சன்னல்ல நின்னு யாரைப் பார்க்குறா? காலையில நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் வாரோம், பெருமாள்புரம் பஸ்ல. சாயந்தரமும் சேர்ந்துதான் போறோம். சனிக்கிழமை மட்டும் அவர் லைப்ரரிக்குப் போயிட்டுத் தனியா வருவார். சனிக்கிழமை. தியாகராஜ நகர் வழியாத்தான் வரணும். அந்த வீட்டு சன்னல் ரோட்டைப் பார்த்தா இருக்கு? எனக்குத் தெரியலை. சனிக்கிழமை ஆறரைக்கு வரவேண்டிய மனுஷன் ஏழு, ஏழேகால்னு வாரார், கேட்டா பஸ் இல்லைங்கிறார். நானும் அடுப்பை அணைச்சுட்டு வந்து வாசலைப் பார்க்குறேன். கோடு. பொருந்தவில்லை. நாலு.

டீ வந்துடுச்சு. கிளாஸ் ஓரத்துல ஈ. டீ நேரத்துல எல்லாரும் பின்வாசல்லதான் கூடுவோம், இன்னைக்கு நான் போகலை, கட்டு முடியலைன்னு சொல்லி இங்கயே வாங்கி வச்சுக்கிட்டேன். போயிருந்தா சுகிர்தா வந்து பக்கத்துல உட்கார்ந்திருப்பா. தினமும் அப்படித்தான், அத்தனை பேரை விட்டுட்டு என் பக்கத்துலதான் வந்து உட்காருவா, அங்க கிடக்குற துவைக்கல்லுல. அக்கா அக்கான்னு. அவ ஒண்ணும் பேச மாட்டா, ம் கொட்டுவா, அப்புறம்க்கான்னு கேட்பா, நான் பாட்டுக்கு என்னத்தையோ பேசிக்கிட்டிருப்பேன், வாய் சும்மா இருந்தாத்தானே. இப்போ புரியுது, உளவு. இந்த மனுஷனுக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது, எத்தனை மணிக்கு எழுந்திருப்பார், இதெல்லாம் என்கிட்ட கறந்துக்கிட்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து பிடிச்ச மாதிரி நடந்துக்கிறது. ஆபீஸ்ல யாரையும் அண்டாதவ என்னை மட்டும் அண்டுறாளேன்னு போன மாசம் வரைக்கும் எனக்குப் பெருமை வேற. ஒரு நாள் வாழைப்பூ வடை கொண்டுபோய்க் கொடுத்தேனே, அதை நினைச்சா இப்போ வயிறு எரியுது. அவ அதுல பாதியைப் பேப்பர்ல மடிச்சு வச்சுக்கிட்டா, அம்மாவுக்குன்னு சொன்னா. யாருக்குன்னு யார் கண்டா?

ஜாம்பான். மலை ஊர்களில் நாலு பேர் தூக்கிச் செல்லும் நாற்காலிப் பல்லக்கு. வாக்கியம் நல்லா இருக்கு, போகட்டும். ஜானிஃபார்ம். இரு பக்கமும் முகம் உடைய, இருமுகமான. இதைப் படிக்குறதுக்கு முன்னாலயே எனக்கு அவ முகம்தான் ஞாபகம் வந்துச்சு, இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் சார். பச்சை மை: ஆபீசில் ஒரு முகம், வீட்டில் ஒரு முகம், அந்த ஆபீஸ் முகத்தை ஒரு நாளாவது வீட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன குறைந்துபோகும்? இதை நான் ரெண்டு தடவை படிச்சேன். மூணாவது தடவையும் படிச்சேன். இவளுக்கு அந்த ஆபீஸ் முகம் கிடைச்சிருக்கு, முழுசா, காலையில ஒம்பதரையிலிருந்து சாயந்தரம் நாலரை வரைக்கும். சவரம் பண்ணின முகம். இஸ்திரி போட்ட சட்டைக்கு மேல இருக்குற முகம். எனக்குக் கிடைக்குறது மிச்சம். அதுவும் போதாதுன்னு வீட்டு முகத்தையும் கேட்குறாளா? நீ எந்த வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுற, உன் வீட்டுக்கா? கோடு அழுத்தமா விழுந்து சீட்டு கிழிஞ்சுபோச்சு லேசா. அஞ்சு. அதுக்கு அடுத்ததே ஜானக். வட இங்கிலாந்து வழக்கு, ஒளிவுமறைவு இல்லாத, நேர்மையான. வாக்கியம்: அவரிடம் ஒளிவுமறைவே கிடையாது, பேச்சு இருந்தால்தானே ஒளிக்க. ஆறு. ஆறாவது கோட்டைப் போட்டுட்டுத்தான் மூச்சு விட்டேன். இன்னும் ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு.

ஆனா அந்த ஒண்ணு கிடைக்க மாட்டேங்குது. மணி மூணே முக்கால். ஜேப், கேலிப் பேச்சு, வாக்கியம் சுத்தம். ஜார்வி, வாடகைக் குதிரை வண்டிக்காரர், அதுவும் சுத்தம். அந்த வண்டிக்காரர் வாயில பீடியோட பேசுற மாதிரியே எழுதியிருக்கா, எந்த வண்டிப்பேட்டையில போய் நின்னு கேட்டாளோ. எல்லாம் நல்லா இருக்கு. அதுதான் கொடுமை. மங்கை மலரைக் கொய்த பிள்ளைக்கு ஒரே மாசத்துல இப்படி எழுத வந்துடுச்சு, நானும் இந்த ஆபீஸுக்கு வந்த புதுசுல எடுத்துக்காட்டுத்தான் எழுதினேன், பச்சை மைதான், ஆறு வருஷம் எழுதினேன், ஒரு தடவைகூட அந்தப் பக்கத்துல நாற்காலி கிறீச்சுன்னு ஆடினதில்லை. பொய் சொல்லி ஒரு கோடு போட்டா யாரு கேட்கப் போறா? கை வர மாட்டேங்குது. மத்த ஆறும் பொருந்தவில்லைன்னு நான் சொன்னா அது என்னைப் பொறுத்தவரைக்கும் நிஜம், என் வயித்துக்குப் பொருந்தலை. இந்த வண்டிக்காரர் என்ன பாவம் செய்தார். இருபது வருஷம் வேலை பார்த்த கைக்குன்னு ஒரு ரோஷம் இருக்கும் போல. அப்போதான் தோணுச்சு, பின்பக்கம். ஒவ்வொரு சீட்டுக்கும் பின்னால, இந்த வாக்கியம் எங்கிருந்து எடுத்ததுன்னு எழுதணும், புஸ்தகம்னா பக்கம், வாய்ப்பேச்சுன்னா ஆளு பேரு, இடம், தேதி. முன்னால பார்த்து முடிச்சப்புறம்தான் பின்னால திருப்பணும், பெரிய பேரைப் பார்த்து மயங்கிடக் கூடாதுன்னு. அதுவும் பின்பக்கம் எனக்கும் குணசிங் சாருக்கும் மட்டும்தான், அர்த்தம் எழுதுறவருக்குக்கூடக் காட்டக் கூடாது. ஒரு தடவை ஒரு மாமியார் மருமகளைத் திட்டின திட்டு ஒரு வார்த்தைக்கு எடுத்துக்காட்டா அச்சாகப் போகுதுன்னு வெளியில தெரிஞ்சு, அந்தம்மா ஆபீஸ் வாசல்ல வந்து மண்ணை வாரித் தூத்திட்டுப் போனதிலிருந்து இந்த ரூல். பேரு, இடம், தேதி, மூணுல ஒண்ணு இல்லைன்னாலும் அடிக்கலாம். நியாயமா அடிக்கலாம். ஐம்பதுல ஒண்ணுலயாவது தேதி விட்டிருக்க மாட்டாளா? டீ கிளாஸைத் தள்ளி வச்சுட்டு மொத்தக் கட்டையும் குப்புறக் கவிழ்த்தேன்.

ஜார்வி, வாய்மொழி, வண்டிக்காரர் சுடலைமுத்து, சந்தை வாசல், தேதி இருக்கு. ஜேப், மளிகைக்கடைக்காரர் பேரு, கடைத்தெரு, தேதி இருக்கு. ஒழுங்கா எழுதியிருக்கா மூதி. அடுத்தது. வாய்மொழி, மேபல் அக்கா, ஆபீஸ் பின்வாசல், டீ நேரம், நவம்பர் நாலு. மேபல் அக்காவா, எந்த மேபல் அக்கான்னு ஒரு நொடி யோசிச்சேன், அப்படி ஒரு மடத்தனம். முன்னால திருப்பினேன். ஜானக். ஒளிவுமறைவு. பேச்சு இருந்தால்தானே ஒளிக்க. அடுத்ததைத் திருப்பினேன், மேபல் அக்கா, டீ நேரம். அதுக்கு அடுத்தது ஜாம்பான், யாரோ ஊட்டிக்காரர். அதுக்கு அடுத்தது மேபல் அக்கா. ஜலூசி மேபல் அக்கா. சோபா மேபல் அக்கா. வெள்ளிப் பதக்கம் மேபல் அக்கா, அக்டோபர் இருபத்தொம்பது. ஜாக்டிடேஷன், வாய்மொழி, மேபல் அக்கா, ஆபீஸ் பின்வாசல், தேதி இருக்கு, அதுக்கும் கீழ: சொல்லும்போது கண் கலங்கினார். கண் கலங்கினார்னு எழுதணும்னு எந்த ரூலும் இல்லை. அவளா எழுதியிருக்கா. நான் எப்போ கலங்கினேன்? மழை பெஞ்சுக்கிட்டிருந்துச்சு, துவைக்கல் ஈரமா இருந்துச்சுன்னு நின்னுக்கிட்டே பேசினோம், விடிய விடிய புரண்டுக்கிட்டே கிடந்தாரு பிள்ள, நான் லைட்டக்கூட அணைக்கல, அணைச்சா மூச்சு விடுறது தெரியாதேன்னு பயம்னு சொன்னேன். ஆமா, சொன்னேன். சொல்லிட்டு மூக்கைச் சிந்திப்போட்டு உள்ள வந்துட்டேன். சொன்னதே மறந்துபோச்சு. நான் சொன்னதை யாரு ஞாபகம் வச்சுக்கிறா, நானே வச்சுக்கிறதில்லை.

அப்போ அவரு அவகிட்ட ஒண்ணும் சொல்லலை. காய்ச்சலைச் சொல்லலை, காபியைச் சொல்லலை, பதக்கத்தைச் சொல்லலை. ஆறு அடி தள்ளி உட்கார்ந்து எழுதிக்கிட்டிருந்தார், அவ்வளவுதான். சன்னல்ல நின்னதும் நான்தான், சனிக்கிழமை. எனக்கு இப்போ நிம்மதியா இருக்கணும், இல்லையா? பலகைக்குப் பின்னால ஒண்ணும் இல்லை, என் புருஷன் என் புருஷன்தான், மெனக்கெட்டு வயிறு எரிஞ்சது வேஸ்ட். ஒரு நிமிஷம், சரியா ஒரு நிமிஷம், நிம்மதியா இருந்துச்சு. ஆறிப்போன டீயை ஒரு வாய் குடிச்சேன். அப்புறம் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்துச்சு. நேத்து மூணரை மணிச் சிரிப்பு. எதைப் படிச்சுச் சிரிச்சார்? வெள்ளிப் பதக்கம். அது என் வாக்கியம். அதை நான் அவர் மூஞ்சிக்கு நேரா எத்தனை தடவை சொல்லியிருக்கேன், விருந்தாளி முன்னால சொல்லியிருக்கேன், பாத்திரம் விளக்கிக்கிட்டே சொல்லியிருக்கேன், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை உதடு அசைஞ்சுதா? தன்னைத்தான் சொல்லுதுன்னுகூட அவருக்குத் தெரிஞ்சிருக்காது, யாரோ ஒரு வாயாடி யாரோ ஒரு பீத்தல்காரனைச் சொன்னதுன்னு நினைச்சு நாற்காலி ஆடச் சிரிச்சிருக்கார். நான் வாயால சொன்னா அது நச்சரிப்பு. அவ பச்சை மையில எழுதினா அது வாக்கியம். இதுக்கு அவங்க ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தா எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது. யாரு மேல கோபப்படுறதுன்னும் தெரியலை. அவ என்ன செய்தா? கேட்டா. கேட்டதை எழுதினா. இந்த ஊர்ல நான் பேசுறதைக் காது கொடுத்துக் கேட்ட ஒரே ஆளு அவதான், அவளைத்தான் வீட்டுக்கு அனுப்பப் பார்த்தேன்.

மணி நாலு பத்து. ஆறு கோடு போட்டிருக்கு. ஏழு ஆகலை, கட்டு தப்பிச்சுடும், ஆனா ஆறு திருத்தம்னா குணசிங் சார் அவளைக் கூப்பிட்டு நிக்க வைப்பார், பிள்ளை முகம் செத்துப்போகும். நான் போட்ட கோட்டை நான் எடுக்கணும்னா ரப்பரால அழிக்கக் கூடாது, கோட்டுக்குக் கீழ புள்ளி வச்சு, ஓரத்துல இருக்கட்டும்னு எழுதிக் கையெழுத்துப் போடணும், அப்போ நான் தப்பா அடிச்சேன்னு எல்லாருக்கும் தெரியும். தெரியட்டுமே. என் வாக்கியத்தை நானே பொருந்தவில்லைன்னு சொன்னது வெளியில தெரியுறதைவிட இது தேவலை. அவ மேல இரக்கப்பட்டு எழுதினேன்னு யாரும் நினைச்சுக்க வேண்டாம், பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் எழுதினேன். சோபாவுக்கு ஒரு இருக்கட்டும். பதக்கத்துக்கு ஒண்ணு. சன்னலுக்கு. ரெண்டு முகத்துக்கு, அந்தக் கிழிசல்ல பசை தடவினேன். பேச்சுக்கு. கடைசியா புரண்டு கிடந்ததுக்கு. எழுதி முடிச்சுக் கட்டுக்கு நூல் சுத்திக்கிட்டிருக்கும்போது கதவு சத்தம், அவரேதான், குடையைக் கையில எடுத்துக்கிட்டு.

"என்ன மேபல், முடிஞ்சுதா?" வீட்டு முகம்தான், இருந்தாலும் இன்னும் முழுசா மாறலை, கண்ணுல ஆபீஸ் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. முடிஞ்சுதுன்னேன். குணசிங் சார் மேசையில கொண்டுபோய் வைக்க எழுந்தேன், அவர் நகராம நின்னார். "அதுல புரண்டு கிடக்குத வாக்கியம் ஒண்ணு இருக்குமே, பாத்தியா? நான் நாலு தடவை படிச்சேன்." எனக்கு நூல் கையில சிக்கிக்கிச்சு. "என்ன அதுல?" "என்னத்த சொல்ல. விடிய விடிய ஒருத்தி விளக்கு அணைக்காம உக்காந்திருக்கா. நமக்கெல்லாம் அப்படி யாரு உக்காந்தா? அவன் குடுத்து வச்ச ஆளு, போ." இதைச் சொல்லிட்டு, பதினெட்டு வயசுப் பையன் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார். பொறாமை. என் புருஷனுக்கு அந்த ஆள் மேல பொறாமை. எனக்குச் சிரிப்பு வந்துச்சா அழுகை வந்துச்சா, ரெண்டும் வந்து முட்டிக்கிட்டு நின்னுச்சு. சொல்லிடலாம். அந்த ஆளு நீங்கதான்னு சொல்லி, சீட்டை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பி மூஞ்சியில காட்டிடலாம். வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவரே, "பின்னால பேரு போட்டிருக்குமே, யாரு அந்தப் பொம்பளை? தெரிஞ்சவங்களா?"ன்னு கேட்டார். கண்ணு ரெண்டும் மினுங்குது. எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ, "பின்பக்கத்தை உங்களுக்குக் காட்டக் கூடாது"ன்னு சொல்லிட்டுக் கட்டை நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டுப் போய் வச்சுட்டு வந்தேன்.

படியிறங்கும்போது மறுபடியும் கேட்டார், நம்ம ஊரா, வெளியூரான்னு மட்டும் சொல்லேன்னு. ரூல் ரூல்தான்னேன். பஸ் வந்துச்சு, கூட்டம் இல்லை, ரெண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைச்சுது, டிக்கெட் வாங்கி மடிச்சு வாட்ச்சுக்குள்ள செருகிக்கிட்டார், மார்க்கெட் தாண்டிட்டோம், சரி, விட்டுட்டார்னு நினைச்சேன். அப்புறம் என் பக்கமா நல்லாச் சாஞ்சு, வெளியில யாருக்கும் கேட்டுடக் கூடாதேங்குற மாதிரி மெதுவா, "வயசு என்ன இருக்கும் அந்தப் பொம்பளைக்கு?"ன்னு கேட்டார். இருபத்துமூணு வருஷத்துல என்கிட்ட இந்த மனுஷன் ஒரு விஷயத்தை மூணு தடவை கேட்டது இதுதான் முதல் தடவை. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். விளக்கை அணைக்காத அந்தப் பொம்பளையை மட்டும் நேர்ல பார்த்தேன்னா கொண்டையைப் பிடிச்சு உலுக்கிடலாம் போல ஆத்திரமா வந்துச்சு.